கேட்காதவர்களின் காடு

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே டவுன் பஸ் போகிற தூரத்தில் மலை தொடங்கிவிடுகிறது, அடிவாரத்தில் செண்பகத்தோப்பு. வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் அத்திகோயில், ஜெயந்தி நகர், தாணிப்பாறை. தெற்கே ராஜபாளையத்துக்கு மேற்கில் அய்யனார் கோயில். இந்தப் பகுதிகளில் குடியிருக்கும் பளியர்கள் இம்மலையின் ஆதிக்குடிகள். தேன், கிழங்கு, குங்கிலியம், கடுக்காய், நன்னாரி என்று காடு தருவதைக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். வாழும் காட்டின் மேல் அவர்களுக்குள்ள உரிமையை அங்கீகரிக்கிறது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். சட்டம் கையில் இருக்கிறது, நீதிமன்றம் பக்கத்தில் இருக்கிறது, வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டியதும் இல்லை. அப்படியிருந்தும் இந்த மாவட்டத்தின் நிலப் பிரச்சினைகளைப் பற்றிய பேச்சில் பளியர் என்ற பெயர் அடிபடுவதே அபூர்வம். காரணத்தை அவர்களுடைய அறியாமையில் தேடுவது வழக்கம். அது தவறான இடம் என்பது என் வாதம். நம் நீதி அமைப்பு முழுக்கவும் கோருகிறவரை நம்பி எழுப்பப்பட்டது. மனுக் கொடுக்க வேண்டும், ஆதாரம் காட்ட வேண்டும், எதிர்த்தரப்பை மறுத்துப் பேச வேண்டும், தோற்றால் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால். மோதல் வந்தால் எழுந்து விலகிப் போவதையே பண்பாகக் கொண்ட ஒரு சமூகத்துக்கு இந்த அமைப்பில் கிடைப்பது எதுவுமில்லை. கேட்காதவரின் உரிமையைத் தேடிப் போய்ப் பதிவு செய்யும் கடமை அரசின் மேல் விழ வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் சட்டத்திலேயே அந்தக் கடமை எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

விலகிப் போகும் பண்பு என்று நான் சொல்வது கற்பனையான புகழுரை இல்லை. அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960-களின் தொடக்கத்திலிருந்து பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்தவர். அடுத்தவர் மேல் அதிகாரம் செலுத்துவதைப் பளியர்கள் தவிர்க்கிறார்கள், போட்டியைத் தவிர்க்கிறார்கள், குழந்தையைக்கூட மட்டு மரியாதையோடு நடத்துகிறார்கள், சண்டை மூளும் நேரத்தில் ஒரு தரப்பு அங்கிருந்து அகன்றுவிடுகிறது என்று அவர் விரிவாக எழுதியிருக்கிறார். கட்டளையிடும் தலைவர் என்று அங்கே யாரும் கிடையாது. அதே மக்கள் சமவெளிக்காரர்களோடு பழகும்போது வேறொரு நடைமுறைக்கு மாறிக்கொள்வதையும் அவர் பதிவு செய்தார். ஆகவே இதைக் கூச்சம் என்றோ பயம் என்றோ சுருக்கிவிட முடியாது. பரந்த காடும் குறைந்த மக்களும் இருந்த காலத்தில் விலகிப் போவது நல்ல தீர்வு. யாருக்கும் காயம் இல்லை, பகை நீளுவதில்லை, போகிற இடத்திலும் கிழங்கு இருக்கும். அந்தத் தீர்வு வேலை செய்வதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. விலகிப் போக இடம் இருக்க வேண்டும். கடந்த ஒன்றரை நூற்றாண்டின் கதை, அந்த இடம் இரண்டு பக்கத்திலிருந்தும் சுருங்கிய கதை. கீழேயிருந்து தோப்புகளும் வேலிகளும் ஏறி வந்தன. மேலேயிருந்து காப்புக்காட்டின் எல்லைக்கல் இறங்கி வந்தது.

அந்த எல்லைக்கல்லை நட்ட சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி, ஓரிடத்தைக் காப்புக்காடாக்க முடிவு செய்தால் அரசு ஓர் அறிவிப்பை வெளியிடும். அந்த நிலத்தில் உரிமை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் வன நிர்ணய அலுவலர் முன் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உரிமை அழிந்துபோகும். ஊர்க்காரர்களுக்கும், மேய்ச்சல்காரர்களுக்கும், ஜமீன்களுக்கும் இந்த நடைமுறை புரிந்தது. அவர்களிடம் கணக்குப்பிள்ளை இருந்தார், கையெழுத்து இருந்தது, கச்சேரிக்குப் போன பழக்கம் இருந்தது. காட்டுக்குள் இடம் மாறிக்கொண்டிருந்த சிறு சிறு குடும்பக் குழுக்கள் தாலுகா கச்சேரியில் ஒட்டிய காகிதத்தைப் படித்து, கெடு முடிவதற்குள் வந்து, ஓர் அதிகாரி முன் நின்று, 'இது எங்களுடையது' என்று வாதாடும் என எதிர்பார்த்தது அந்தச் சட்டம். வராதவர்களின் மௌனத்தை அது சம்மதமாகப் படித்தது. நாடு விடுதலை அடைந்த பிறகும் அந்தக் கணக்கு திருத்தப்படவில்லை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஜமீன்களுக்கு இழப்பீடு கிடைத்தது, குடியானவர்களுக்கு ரயத்துவாரி பட்டா கிடைத்தது. ஜமீன் மலைகளில் தேன் எடுத்தவர்களுக்கு எந்தப் பத்தியிலும் இடம் இல்லை. 1988-ல் இந்த மலைப்பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து, ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. ஒவ்வொரு அறிவிப்பிலும் காட்டின் பெயர் மாறியது. காட்டுக்காரர்கள் யார் என்ற கேள்விக்கு எந்த அறிவிப்பும் விடை தரவில்லை.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த வரலாற்று அநீதியைச் சரிசெய்யவே வந்தது. அதன் முகப்புரையே அப்படிச் சொல்கிறது. தனிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை நில உரிமை, தேன் போன்ற சிறு வனப்பொருட்கள் மேல் உடைமை, காட்டைத் தாங்களே காத்து நிர்வகிக்கும் சமூக உரிமை என்று அது தருவது பெரிது. தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வந்த விதம் வேறு. 2008-ல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவினால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமைப் பட்டயம் வழங்க முடியாமல் போனது. உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்க 2016 ஆயிற்று. எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டில் வேறு மாநிலங்களில் லட்சக்கணக்கான பட்டயங்கள் எழுதப்பட்டன, இங்கே அலுவலகங்களில் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும் பழக்கமே உருவாகவில்லை. இதைவிட ஆழமான இடைஞ்சல் சட்டத்தின் நடைமுறையிலேயே இருக்கிறது. கிராம சபை கூடி வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது கோரிக்கைகளைப் பெற வேண்டும். கோட்ட அளவுக் குழு பரிசீலிக்க, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவெடுக்கும். இங்கே கிராம சபை என்றால் ஊராட்சியின் கிராம சபை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான வாக்காளர்கள் உள்ள ஊராட்சியில் சில டஜன் பளியர் குடும்பங்களின் குரல், அதுவும் குரல் உயர்த்தாதவர்களின் குரல், எங்கே கேட்கும்? பழைய குடியிருப்புகளையும் அளவை செய்யப்படாத குடியிருப்புகளையும் தனிக் கிராமமாகவே கொள்ளலாம் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்கிறது. அப்படிக் கொண்டு, குடியிருப்பிலேயே சபையைக் கூட்டினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த இடறல் சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்க வந்த ஏற்பாடு இது, நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதனால் யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வன உரிமைச் சட்டத்தில் பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டை அனுபவித்ததைக் காட்டினால் போதும். சான்றிதழ் கையில் இல்லையென்றால் 'மற்ற மரபுவழி வனவாசி' என்ற வரிசைக்குத் தள்ளப்படுவார்கள். அங்கே மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும். இத்தனைக்கும் அரசின் பழங்குடிப் பட்டியலில் எழுத்து வேறுபாட்டோடு மூன்று தனித்தனி எண்களில் இடம்பெற்றிருக்கும் மக்கள் இவர்கள். ஆதாரம் என்று வரும்போது இன்னொரு அநீதியும் நேர்கிறது. உழுத நிலம் சால் காட்டும், வரப்பு காட்டும், செயற்கைக்கோள் படத்தில்கூட வேற்றுநிறமாகத் தெரியும். தேன் எடுத்த பாறைக்கும் கிழங்கு தோண்டிய சரிவுக்கும் அப்படி எந்த அடையாளமும் கிடையாது. காட்டைக் கெடுக்காமல் வாழ்ந்ததே அவர்கள் அங்கே வாழவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அது ஆதாரம், கும்பிடும் இடமும் புதைகாடும் ஆதாரம் என்று விதி 13 பட்டியலிடுகிறது. அந்த வாய்மொழியைப் போய் எழுதி வாங்குவது யார் வேலை என்பதில்தான் எல்லாம் நின்றுபோகிறது.

கேட்காமலே நீதி வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இதே மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தைப் பார்க்கலாம். புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட அதே 2021 பிப்ரவரியில், 12-ஆம் தேதி, சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். யாரும் மனுப் போடவில்லை. செய்தியைப் பார்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது, இழப்பீடு பற்றி உத்தரவிட்டது. அது சரியான செயல். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இன்னும் எவ்வளவோ கிடைக்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. தானாக முன்வந்து செயல்படும் ஆற்றல் நம் அமைப்புக்கு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது சிவகாசி என்ன செய்தது? ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன, உற்பத்தியாளர் சங்கங்கள் டெல்லி வரை போயின, கட்சிகள் குரல் கொடுத்தன, பசுமைப் பட்டாசுக்கான ஆய்வில் மத்திய அரசின் ஆய்வகமே இறங்கியது. சங்கம், வாக்கு, பத்திரிகை, மூத்த வழக்கறிஞர் எல்லாம் உள்ள கிழக்குக்கு அரசு செவி சாய்க்கிறது. மேற்கில் வெடிச்சத்தம் கேட்பதில்லை. அங்கே இழப்பு ஒரு நாளில் நேர்வதில்லை, தலைமுறைக் கணக்கில் நேர்கிறது. அதனால் செய்தியாவதில்லை, தானாக வழக்காவதும் இல்லை.

தேடிப் போய்ப் பதிவு செய்யும் கடமையை அரசின் மேல் சுமத்தும் விதிக்கு இப்போது வருகிறேன். வன உரிமை விதிகள் 2012-ல் திருத்தப்பட்டபோது 12பி என்ற விதி சேர்க்கப்பட்டது. வனவாசிகள் உள்ள எல்லாக் கிராமங்களிலும் சமூக வன வளத்தின் மேல் உள்ள உரிமை அங்கீகரிக்கப்பட்டுப் பட்டயம் வழங்கப்படுவதை மாவட்டக் குழு உறுதி செய்ய வேண்டும் என்கிறது அது. ஒரு கிராமத்தில் அந்த உரிமை அங்கீகரிக்கப்படவில்லை என்றால், அதற்கான காரணத்தைக் குழுவின் செயலர் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 1882-ன் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடும் வாசகம் இது. அன்று, வந்து சொல்லாவிட்டால் உரிமை போயிற்று. இன்று, உரிமை தரவில்லை என்றால் அதிகாரிதான் காரணம் சொல்ல வேண்டும். உலகின் சட்டச் சிந்தனையும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. நிகரகுவா நாட்டின் அவாஸ் டிங்னி பழங்குடியினர் வழக்கில் 2001-ல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், பட்டயம் இல்லாவிட்டாலும் வழிவழியாக வந்த அனுபோகமே உடைமைக்குப் போதும், எல்லையை அளந்து குறித்துப் பட்டயம் எழுதித் தருவது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது. 2007-ல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அதன் 40-ஆவது பிரிவு, தகராறுகளைத் தீர்க்கும்போது அந்த மக்களின் மரபுக்கும் வழக்கத்துக்கும் உரிய கவனம் தர வேண்டும் என்கிறது. வாதாடாமல் விலகிச் செல்வது ஒரு மக்களின் மரபு என்றால், அந்த மரபுக்குக் கவனம் தருவது என்பதன் பொருள், வாதாட வராததைக் காரணம் காட்டி உரிமையை மறுக்காமல் இருப்பதுதான்.

இப்படிச் சொல்வது பளியர்களை வாயில்லாதவர்களாக்கிவிடாதா என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. பளியர்கள் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள், இளைய தலைமுறை இன்னும் துணிந்து பேசுகிறது, பேசவும் வேண்டும். மற்ற பழங்குடிகள் போராடி வென்றும் இருக்கிறார்கள். ஆனைமலையில் கல்லார்குடி காடர்கள் 2019 மழையில் குடியிருப்பை இழந்தபின், தெப்பக்குளமேட்டில் தங்களுக்கு இடம் வேண்டும் என்று விடாமல் நின்று 2021-ல் பெற்றார்கள். அந்த வெற்றி மகிழ்ச்சிக்குரியது. குடிசை இழந்த மக்கள் தங்கள் காட்டிலேயே குடியிருக்க இடம் பெற இரண்டு ஆண்டு போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் அரசுத் துறையினர் நடத்திய கொடுமைக்கு 2011-ல் தீர்ப்பு, 2023-ல் உயர்நீதிமன்றத்தின் உறுதிப்பாடு. பழங்குடி மக்கள் சங்கமும் ஓர் அரசியல் கட்சியும் பின்னால் நின்று, சிபிஐ விசாரணையும் நடந்து, 31 ஆண்டுகள். அதற்குள் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்தே போனார்கள். நீதிக்கு இவ்வளவு பலம் தேவை என்றால், பலம் இல்லாதவர்களுக்கு நீதி இல்லை என்றுதான் ஆகும். உரிமை என்பது வீரத்துக்குத் தரும் பரிசாக இருக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு புலியைப் பற்றியது. இதை அலட்சியமாகத் தள்ள நான் தயாரில்லை. மலை அழிந்தால் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் அழியும், கண்மாய்கள் வறளும், கிழக்கே கரிசல் காயும். காப்பகம் வேண்டும். ஆனால் காப்பகத்தை உருவாக்கும் சட்டமே பழங்குடி உரிமையைப் பேசுகிறது. 2006-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38வி பிரிவுப்படி, உரிமைகளை அங்கீகரிக்கும் வேலை முடியாமல், சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்று நிறுவாமல், கிராம சபையின் சம்மதம் பெறாமல் பழங்குடியினரை இடம்பெயர்க்க முடியாது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில் 2011-ல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோலிகர்களின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை தரப்பட்டது. அதனால் அங்கே புலி அற்றுப்போய்விடவில்லை. நம் மலையிலேயே ஒரு முரண் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்கு லட்சக்கணக்கான பக்தர்கள் ஏறுகிறார்கள். பக்தியை மறுக்க நான் வரவில்லை, அந்த மலை அவர்களுக்கும் புனிதமானது. அத்தனை கால்களுக்கு இடம் கண்டுபிடிக்கும் நிர்வாகத்தால், அடிவாரத்துப் பளியர் தேனெடுக்கப் போகும் தடத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுக்க முடியாது என்று நம்ப முடியவில்லை.

மூன்றாவதாக, 'அவர்களே காட்டை விட்டு இறங்கிவிட்டார்கள். தொகுப்பு வீடு கொடுத்தாயிற்று, ரேஷன் கார்டு கொடுத்தாயிற்று, இனிப் படிப்பும் வேலையும்தான் வழி' என்று சொல்பவர்கள் உண்டு. வீடும் படிப்பும் தேவைதான். ஆனால் வீட்டுமனை ஒரு குடும்பத்தைக் குடியமர்த்தும், அதற்குச் சோறு போடாது. காட்டுக்குப் போகும் வழி அடைபட்டால் மிச்சம் இருப்பது அடிவாரத்து மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் கூலிவேலை. நிலம் கைவிட்ட மக்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வானம் பார்த்த கரிசலில் விவசாயம் பொய்த்த ஊர்களிலிருந்துதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஆள் வந்தது. மருந்து கலக்கும் அறையில் உட்கார்ந்த கைகள் பலவும் ஒரு காலத்தில் ஏர் பிடித்த குடும்பத்தின் கைகள். உழைப்பைத் தவிர விற்க எதுவும் இல்லாத நிலைக்கு இன்னொரு சமூகத்தைத் தள்ளிவிட்டு, அதை முன்னேற்றம் என்று பெயரிடுவது கொடுமை. சமூக வன உரிமை கையில் இருந்தால் தேனுக்கும் கடுக்காய்க்கும் விலை பேசும் இடத்தில் பளியர் இருப்பார். குத்தகைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருக்க மாட்டார். பட்டயத்தைக் காட்டி ஆக்கிரமிப்பாளர்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்ற பயத்துக்குச் சட்டத்திலேயே பூட்டு இருக்கிறது: இந்த உரிமையை வாரிசுக்குத் தரலாம், விற்கவோ மாற்றவோ முடியாது. யாருடையது என்று எழுதப்படாத காடுதான் வலுத்தவர் கைக்கு எளிதில் போகிறது.

2018 முதல் விருதுநகர் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. சுகாதாரம், கல்வி, விவசாயம், வங்கிச் சேவை, அடிப்படைக் கட்டமைப்பு என்று 49 குறியீடுகளில் மாவட்டம் அளக்கப்படுகிறது. தடுப்பூசி எத்தனை, வங்கிக் கணக்கு எத்தனை என்று எண் போகிறது. அந்த 49-ல் வன உரிமை இல்லை. எண் கேட்கப்படாத வேலைக்கு அலுவலகத்தில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. கோட்டாட்சியர் குடியிருப்புக்கே போய் முகாமிட்டுச் சாதிச் சான்றிதழை முடிக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் ஒரு வழக்கறிஞரையும், பளியர்களிலேயே ஓரிருவரைச் சட்டத் தன்னார்வலராகவும் அமர்த்தலாம். பழங்குடியினருக்கென்றே 2015-ல் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் திட்டம் வகுத்திருக்கிறது. பெரியவர்கள் சொல்லும் பாறைகளையும் ஓடைகளையும் தடங்களையும் வனத்துறை அவர்களோடு நடந்தே குறித்துக்கொள்ளலாம். அப்படி நடக்கத் தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள் துறையிலேயே இருக்கிறார்கள். வன உரிமையில் குறுக்கிடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் என்று 2015-ன் திருத்தம் ஆக்கியிருப்பதைக் காவல் நிலையங்களுக்கு எழுத்தில் நினைவூட்டலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக மாவட்டக் குழு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. செண்பகத்தோப்பு, அத்திகோயில், ஜெயந்தி நகர், தாணிப்பாறை, அய்யனார் கோயில் என்று ஒவ்வொரு குடியிருப்பின் பெயரையும் எழுதி, அதற்கு நேரே சமூக வன உரிமை வழங்கப்பட்ட தேதியை, அல்லது வழங்காததற்கு 12பி கேட்கும் காரணத்தை, செயலர் கையெழுத்தோடு தமிழில் எழுதி கலெக்டர் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். அதன் நகல் ஒன்று அந்தந்தக் குடியிருப்புக்கும் போக வேண்டும்.